மூணும் ஒண்ணா இருக்கும் க்ரீமும், போகாத படர்தாமரையும்

உங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜ் மேலேயோ, பீரோ கண்ணாடிக்குப் பக்கத்திலோ பாதி பிதுக்கிய க்ரீம் ட்யூப் ஒன்று கிடக்கிறதா? வால் பக்கத்தைச் சுருட்டி, மூடி விரிசல் விட்டு? அதைக் கொஞ்சம் எடுத்து வாருங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிடுங்கள். அதற்குக் கீழே எறும்பு ஊர்வதுபோல இருக்கும் பொடி எழுத்தை மொபைலில் போட்டோ எடுத்து, பெரிதாக்கிப் படியுங்கள்.

க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளுசினோலோன்... இதில் ஏதாவது ஒரு பெயர் இருக்கிறதா? இருந்தால் உங்கள் கையில் இருப்பது ஸ்டீராய்டு க்ரீம். அதே வரியில் மைக்கோனசோல், க்ளோட்ரிமசோல் மாதிரி இன்னொரு பெயரும், நியோமைசின், ஜென்டாமைசின் மாதிரி மூன்றாவது பெயரும் இருந்தால் அது ‘மூணும் ஒண்ணா’ க்ரீம். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, அரிப்புக்கு ஸ்டீராய்டு. என்ன நோயாக இருந்தாலும் மூன்றில் ஏதாவது ஒன்று கேட்டுவிடும் என்கிற கணக்கு.

இந்தக் கணக்கு படர்தாமரை விஷயத்தில் எப்படித் தப்பிப்போனது, நம் ஊர் அரிப்பு நியூயார்க் வரைக்கும் எப்படிப் போனது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

தாமரையும் இல்லை, வண்டும் இல்லை

ஆங்கிலத்தில் இதற்கு ‘ரிங்வார்ம்’ என்று பெயர். வளையப் புழு. ஆனால் இதில் புழு எதுவும் கிடையாது. நம் ஊரில் சிலர் வண்டுகடி என்பார்கள், வண்டும் கிடையாது. (இதற்கு நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட சீமை அகத்திக்கு ‘வண்டுகொல்லி’ என்றே ஒரு பெயர் இருக்கிறது.) குளத்தில் தாமரை இலை படர்வதுபோல வட்டமாகப் படர்வதைப் பார்த்து படர்தாமரை என்று பெயர் வைத்தவர்தான், என்னைக் கேட்டால், மூன்று பேரில் சரியாகக் கவனித்தவர்.

படர்வது ஒரு பூஞ்சை. நம் தோலின் மேலடுக்கு, முடி, நகம் மூன்றிலும் கெரட்டின் என்ற புரதம் இருக்கிறது. அதைத் தின்று வாழும் பூஞ்சைக் கூட்டம் இது. ஓர் இடத்தில் இறங்கி, சுற்றிலும் வெளிப்பக்கமாக வளர்ந்துகொண்டே போகும். உடல் சும்மா இருக்காது. எதிர்த்துச் சண்டை போடும். அதனால்தான் ஓரம் சிவந்து, தடித்து, பொரிப்பொரியாக இருக்கும். நடுவில் ஓரளவு ஆறியதுபோலத் தெரியும். அந்த வளையம்தான் போர்முனை.

உலகத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏதாவது ஒரு வகைப் பூஞ்சைத் தொற்று தோலிலோ நகத்திலோ இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். உயிரை வாங்காத நோய் என்பதால் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தூக்கத்தை வாங்கும், வேலையை வாங்கும், கணவன் மனைவிக்கு நடுவில் ஒரு தலையணையை வைத்துவிடும். இதெல்லாம் எந்தப் புள்ளிவிவரத்திலும் சேருவதில்லை.

முன்பு போல இல்லை

இன்று 50 வயதைத் தாண்டியவர்களைக் கேட்டால், ‘வெயில் காலத்துல வரும், ரெண்டு வாரம் மருந்து போட்டா போயிடும்’ என்பார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. 20-ம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நம் நாட்டில் படர்தாமரைக்கு முக்கியக் காரணமாக இருந்தது ட்ரைக்கோஃபைட்டன் ருப்ரம் என்ற பூஞ்சை. மருந்துக்கு ஓரளவு அடங்கிப்போகிற வகை.

2010-களில் நிலைமை மாறியது. இந்தியாவின் பல ஊர்களில் சரும மருத்துவர்களிடம் வந்தவர்கள் வேறு மாதிரி இருந்தார்கள். ஓர் இடத்தில் ஒரு வட்டம் இல்லை. தொடை, இடுப்பு, முதுகு, முகம் என்று உடல் முழுக்க. கோடை, மழை வித்தியாசம் இல்லை. ஒருவர் இல்லை, வீட்டோடு வந்தார்கள். மருந்து சாப்பிட்டால் குறைகிறது, நிறுத்தினால் திரும்புகிறது.

2017-ல் வதோதராவைச் சேர்ந்த ஷ்யாம் வர்மா, சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆர்.மது என்ற இரண்டு மருத்துவர்கள், இந்தியத் தோல் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை எழுதினார்கள். தலைப்பிலேயே இதை மாபெரும் இந்தியக் கொள்ளைநோய் என்று அழைத்தார்கள். கொள்ளைநோய் என்ற சொல்லை நாம் கொரோனாவுக்குப் பழகுவதற்கு மூன்று வருடம் முன்னால், ஓர் அரிப்புக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். அப்போது எத்தனை பேர் திரும்பிப் பார்த்தார்கள் என்று தோன்றுகிறது.

பூஞ்சையும் மாறியிருந்தது. ருப்ரம் பின்னால் போய், ட்ரைக்கோஃபைட்டன் மென்டக்ரோஃபைட்டிஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று முன்னால் வந்தது. 2020-ல் ஜப்பான் ஆய்வாளர் ருய் கானோவும் அவர் குழுவினரும், ஜப்பானில் வசித்த ஓர் இந்தியர், ஒரு நேபாளி ஆகியோரின் தோலிலிருந்து எடுத்த பூஞ்சையை ஆராய்ந்து, இது தனி இனம் என்று பெயர் வைத்தார்கள். ட்ரைக்கோஃபைட்டன் இண்டோடினியே. ‘இண்டோ’ யாரைக் குறிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. மரபணுவைப் பார்த்தால் எல்லா ஊரிலும் ஒன்றுக்கொன்று அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கிறது. அதாவது, கொஞ்ச காலத்துக்குள் ஒரே வம்சம் மிக வேகமாகப் பரவியிருக்கிறது.

ஒரு வீடு, ஒரு துண்டு

எப்படிப் பரவும்? ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா டெலிவரி வேலை பார்க்கிறார். பைக் சீட்டில் பத்து மணி நேரம், ஜீன்ஸ், வியர்வை. தொடை இடுக்கில் அரிப்பு. எங்கே என்று சொல்லக் கூச்சமான இடம் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. வேலை முடிந்து குளித்துவிட்டு, கொடியில் தொங்கும் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்கிறார். அடுத்த நாள் காலையில் அதே துண்டில் பையன் முதுகு துடைக்கிறான்.

தோலிலிருந்து உதிரும் பொருக்குகளில் பூஞ்சை ஒட்டிக்கொண்டிருக்கும். துணியில், சீப்பில், பாயில் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அம்மா எல்லார் துணியையும் ஒரே பக்கெட்டில் ஊறவைக்கிறார். அதிலும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். மழைக்காலம் என்றால் வீட்டுக்குள் ஃபேனுக்குக் கீழே காய்ந்த, ஈரம் முழுக்கப் போகாத உள்ளாடையை அவசரத்துக்கு எடுத்துப் போட்டுக்கொள்வோம். பூஞ்சைக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது.

அம்மாவுக்கு வரும்போது பெரும்பாலும் பாவாடை நாடா இறுக்கும் இடுப்பில் வரும். காலை ஐந்து மணிக்குக் கட்டிய புடவை, அடுப்படி வெப்பம், நாடாவுக்குக் கீழே நாள் முழுக்கக் காயாத வியர்வை. ‘கயிறு உரசி கறுத்துப்போச்சு’ என்று விட்டுவிடுவார். குழந்தையின் இடுப்பில் அரைஞாண் கயிறு. கையில் கோயில் கயிறு. குளித்து நெடுநேரம் ஆனாலும் ஈரமாகவே இருக்கும் இந்தக் கயிறுகளில் பூஞ்சை தங்கிவிடும். சிகிச்சை முடியும்வரை கயிறுகளைக் கழற்றிவிடச் சொல்லி மருத்துவர்கள் கேட்கிறார்கள். இதை வீட்டில் சொல்வது எளிதில்லைதான். கழற்ற மனம் வராத பாட்டிகளிடம், புதுக் கயிறு பிறகு கட்டிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள். வெள்ளி அரைஞாணாக இருந்தால் கழற்றிக் கழுவுவது இன்னும் எளிது.

இப்போது அப்பா மெடிக்கலில் ட்யூப் வாங்கிப் போட்டு மூன்றே நாளில் அரிப்பு நின்றுவிடுகிறது. அவர் நிறுத்திவிடுகிறார். மிச்சத்தை அம்மா போட்டுக்கொள்கிறார். பையன் ஹாஸ்டலுக்குப் போகும்போது அதே ட்யூப் பையில் போகிறது. மூன்று பேருக்கும் முழுசாகப் போகவில்லை. மாறி மாறி ஒருவருக்கொருவர் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் ஏன் தீருவதில்லை என்பதற்குக் காரணம் இந்தச் சுற்றுதான்.

மூன்றே நாளில் நின்ற அரிப்பு

அந்த மூன்று நாள் மாயத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை. அது அடக்குவது உடலின் எதிர்ப்பை. சிவப்பும் தடிப்பும் அரிப்பும் அந்த எதிர்ப்பின் அடையாளங்கள். போர்முனையில் நம் ஆட்களைத் திரும்பி வரச் சொல்லிவிட்டால் சத்தம் நின்றுவிடும். எதிரி உள்ளே நடந்து வருவான்.

வளையம் மங்கிவிடும். படர்தாமரை படர்தாமரை மாதிரியே தெரியாது. 1968-லேயே ஐவ், மார்க்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் மருத்துவர்கள் இதற்கு ‘மாறுவேடப் படர்தாமரை’ என்ற பொருளில் லத்தீனில் பெயர் வைத்துவிட்டார்கள். நம் ஊர் மருத்துவர்கள் இன்று பார்ப்பது அதற்கும் அடுத்த கட்டம்: வளையத்துக்குள் வளையம். மருந்து போடும்போது அடங்கி, விடும்போது எழும்பி, மறுபடி அடங்கி... மரத்தின் வயதுக்கோடுகள் மாதிரி.

இதோடு தோல் மெலிந்துபோகும். தொடை இடுக்கில் நீளநீளமாகக் கோடுகள் விழும். பார்க்கப் பிரசவத் தழும்பு மாதிரி இருக்கும். கல்யாணமாகாத 22 வயதுப் பையனின் தொடையிலும் விழும். பூஞ்சை போனாலும் இந்தக் கோடுகள் போகாது. முகத்தில் போட்டவர்களுக்குச் சிவப்பும் பருவும் முடி வளர்ச்சியும் வரலாம். நிறுத்தினால் அரிப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும். அதனால் ‘இந்த க்ரீம்தான் எனக்குக் கேட்குது’ என்று மறுபடி அதையே தேடிப் போவார்கள்.

ஸ்டீராய்டே விஷம் என்று புரிந்துகொள்ள வேண்டாம். கரப்பான், சொரியாசிஸ் போன்றவற்றுக்கு மருத்துவர் அளவு பார்த்து எழுதும்போது அது நல்ல மருந்து. தப்பான இடத்தில், கணக்கில்லாமல் போடுவதுதான் பிரச்னை.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப்பில் ஒரு நாள் மாலை தலைவலி மாத்திரைக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற தம்பி, மொபைலில் ஒரு ட்யூப்பின் படத்தைக் காட்டி, ‘அண்ணா, இதே மாதிரி’ என்று மெதுவாகச் சொன்னார். கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்தார். மொத்தமே அரை நிமிடம். கடைக்காரரை வில்லனாக்க எனக்கு விருப்பமில்லை. ஸ்கின் டாக்டரிடம் போனால் அரை நாள் கூலி போகும், ஃபீஸ் தனி, அதோடு அங்கே துணியை விலக்கிக் காட்ட வேண்டும். கடையில் காட்ட வேண்டியது மொபைலை மட்டும்தான். அந்தக் கூச்சம் இருக்கும்வரை இந்த வியாபாரம் நடக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. மருத்துவர் சீட்டு இருந்தால் மட்டுமே விற்க வேண்டிய மருந்துகளுக்கு ஷெட்யூல் ஹெச் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மேலே பூசும் மருந்துகளுக்கு அதில் நெடுநாள் விலக்கு இருந்தது. இந்தியத் தோல் மருத்துவர்கள் சங்கம் தொடர்ந்து குரல் கொடுத்தது. 2018-ல் மத்திய அரசு 14 வகை மேற்பூச்சு ஸ்டீராய்டுகளுக்கு அந்த விலக்கை நீக்கியது. நான் பார்த்த அந்த அரை நிமிடம், அதற்குப் பல வருடங்கள் கழித்து நடந்தது.

மருந்துக்கு அடங்காதது எப்படி?

படர்தாமரைக்கு உலகம் முழுக்க அதிகம் எழுதப்பட்ட மாத்திரை டெர்பினஃபைன். பூஞ்சை தன் செல்லின் சவ்வை உருவாக்க எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள் தேவை. அதைத் தயாரிக்க ஒரு நொதி வேண்டும். டெர்பினஃபைன் போய் அந்த நொதியில் பூட்டு மாதிரி உட்கார்ந்துகொள்ளும், பட்டறை நின்றுவிடும். புது பூஞ்சைகள் பலவற்றில், அந்த நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. நொதியின் வடிவம் துளி மாறினாலும் பூட்டு பொருந்தாது.

2018-ல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்றில், சோதித்த பூஞ்சை மாதிரிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டெர்பினஃபைனுக்கு அடங்கவில்லை. 2020-ல் பல மாநிலங்களின் மாதிரிகளை வைத்து நடந்த இன்னோர் ஆய்வில் அது பாதியைத் தாண்டிவிட்டது.

மூன்று மருந்துக் கலவை க்ரீம்தான் ஒற்றைக் காரணம் என்று முடித்துவிட முடியாது. வெப்பம், ஈரம், நெருக்கமான வீடுகள், இறுக்கமான உடைகள் எல்லாமே சேர்ந்திருக்கின்றன. ஆனால், அரைகுறை அளவில் பூஞ்சை மருந்து, கூடவே உடலின் எதிர்ப்பை அடக்கும் ஸ்டீராய்டு, அரிப்பு நின்றதும் நிறுத்தும் பழக்கம்... வலுவான பூஞ்சையைத் தேர்ந்தெடுத்து வளர்க்க இதைவிட நல்ல ஏற்பாடு செய்வது கஷ்டம்.

2023 மே மாதம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், இண்டோடினியே தங்கள் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டதை அறிவித்தது. நியூயார்க்கில் இரண்டு பெண்கள். ஒருவருக்கு 28 வயது, கர்ப்பிணி. 2021 கோடையில் ஆரம்பித்த தடிப்பு. அவர் எந்த வெளிநாட்டுக்கும் போகவில்லை. அதாவது பூஞ்சை அங்கேயே யாரிடமிருந்தோ வந்திருக்கிறது. இன்னொருவருக்கு 47 வயது. 2022-ல் வங்கதேசத்தில் இருந்தபோது ஆரம்பித்தது. அங்கே அவர் போட்டது பூஞ்சை மருந்தும் ஸ்டீராய்டும் கலந்த க்ரீம். ஊர் திரும்பிய பிறகு கணவர், மகன் இருவருக்கும் அதே மாதிரி தடிப்பு. இரண்டு பெண்களுக்கும் டெர்பினஃபைன் கேட்கவில்லை. வேறு மாத்திரைகளுக்கு மாற்ற வேண்டியிருந்தது. உலகத்தின் பெரிய நகரத்தில், பெரிய மருத்துவர்கள் கூர்ந்து பார்த்து எழுதிய கதை. நாம் மேலே கற்பனை செய்த வீட்டுக்கும் அதற்கும் விலாசம் மட்டும்தான் வேறு.

சரி, இப்போது என்ன செய்வது?

முதலில், வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை இல்லை. சொரியாசிஸ், கரப்பான், தேமல் எல்லாம் அதுபோலத் தோன்றும். வெளிறிய திட்டில் அரிப்பே இல்லாமல் உணர்ச்சி மட்டும் குறைந்திருந்தால் தொழுநோய்ச் சோதனை அவசியம். அதுவும் முழுக்கக் குணமாகிற நோய்தான், தாமதம்தான் ஆபத்து. சந்தேகம் இருந்தால் மருத்துவர் ஓரத்தை லேசாகச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். கே.ஓ.ஹெச் டெஸ்ட் என்பார்கள். வலிக்காது, செலவு குறைவு, கொஞ்ச நேரத்தில் முடிவு தெரியும்.

மருந்தை வட்டத்தின் நடுவில் பொட்டு வைப்பதுபோல வைத்தால் போதாது. ஓரத்தைத் தாண்டி 2 செ.மீ. வரை பூச வேண்டும். போர்முனை அங்கேதானே இருக்கிறது! தோல் சுத்தமாகத் தெரிந்த பிறகும் குறைந்தது இரண்டு வாரம் தொடரச் சொல்வார்கள். மாத்திரையை நீங்களாக வாங்காதீர்கள். கல்லீரல் பிரச்னை, இதய நோய், வேறு மாத்திரைகள், கர்ப்பம் எல்லாம் பார்த்துத்தான் எது, எத்தனை வாரம் என்று முடிவு செய்ய முடியும். முன்பு இரண்டு வாரத்தில் முடிந்தது இப்போது இரண்டு மாதம்கூடப் போகலாம். பூண்டை அரைத்துக் கட்டி தோல் வெந்துபோகும் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

ஆளுக்கு ஒரு துண்டு. தொற்று உள்ளவரின் துணியைத் தனியாக ஊறவையுங்கள். வெந்நீரில், முடிந்தால் 60 டிகிரியில் துவைத்து, உட்பக்கத்தைத் திருப்பி நல்ல வெயிலில் காயப்போடுங்கள். மழைக்காலத்தில் உள்ளாடைக்கும் இஸ்திரி போடலாம். யாரும் சிரிக்க மாட்டார்கள். குளித்ததும் விரலிடுக்கு, தொடையிடுக்கு, மார்பின் கீழ்ப்பகுதி நன்றாகக் காய்ந்த பிறகு உடை உடுத்துங்கள். ஹாஸ்டலில் இருக்கும் தம்பி, தங்கைகளே, நண்பனின் ஜீன்ஸை மாற்றிப் போடுவதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள். வீட்டுப் பூனைக்கோ நாய்க்கோ வட்டமாக முடி கொட்டியிருந்தால் அதற்கும் மருத்துவர் வேண்டும். சில வகைப் பூஞ்சைகள் அவற்றிடமிருந்தும் வரும், குறிப்பாகக் குழந்தைகளின் தலைக்கு.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. பார்க்கப் பணம் கிடையாது. போகும்போது இதுவரை போட்ட எல்லா ட்யூப்களையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள், தீர்ந்துபோனதையும் சேர்த்து. எத்தனை நாள் போட்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது என்று முதல் நாள் ராத்திரியே சாப்பிடும்போது கேட்டுவிடுங்கள். அவர்களையும் அதே நாளில் அழைத்துப் போகலாம்.